மஞ்சள் தெளிய ஒரு கோடை

ருவைஸில் எனக்கு வேலை
வெல்டிங்கின் வயிற்றைப் படம் எடுப்பது.
குழாயின் ஒரு புறம் ஃபிலிம், மறுபுறம் இரிடியம்.
இரவு பத்துக்கு மேல்,
கயிறு கட்டி எல்லாரையும் விரட்டிவிட்டு.

அதனால்தான் தெரிந்தது.
ரோமுலோ விற்றுவிட்டுப் போன கேமராவை
மேசையில் வைத்ததும்
பக்கத்தில் கிடந்த சர்வே மீட்டர் டிக் என்றது.
தள்ளி வைத்தேன், சும்மா இருந்தது.
லென்ஸுக்குக் கிட்டே கொண்டுபோனேன்:
டிக், டிக், டிக்டிக்.

பென்டாக்ஸ். எழுபத்திரண்டில் செய்தது. நூற்றிருபது திர்ஹம்.
பேட்டரி செத்து எத்தனை வருடமோ,
ஷட்டர் அதைப் பற்றி விசாரிக்கவே இல்லை.
ஆயிரத்தில் ஒன்று வைத்தால் சடக்.
ஒரு வினாடி வைத்தால்
உள்ளே யாரோ மூச்சை இழுத்து விடுகிறார்கள்.
ஃபோகஸ் வளையம் திரும்புகிற திரும்பலை
நான் தினமும் பார்க்கும் வால்வுகளுக்குக் காட்ட வேண்டும்,
வாரன்ட்டி முடியுமுன்பே அழுகிற வால்வுகள்.

லென்ஸ் மட்டும் மஞ்சள்.
காமாலைக் கண்ணுலே, என்றான் தவசிக்கனி.
அந்தக் காலத்தில் கண்ணாடியோடு
தோரியம் சேர்த்து உருக்கியிருக்கிறார்கள்.
ஐம்பது வருடமாக அது உள்ளிருந்தே
கண்ணாடியைப் பழுக்க வைத்திருக்கிறது.
மருந்து, வெயில்.

இங்கே அதற்கா பஞ்சம்?
ஜூன் பதினைந்திலிருந்து
பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவே
ஆளை வெளியில் நிறுத்தக் கூடாது, சட்டம்.
அந்த நேரத்தில் லென்ஸுக்கு டியூட்டி போட்டேன்.
கேம்ப் மாடியில், ஏசிப் பெட்டி மேல்,
பிராஸ்ட் சுற்றி வந்த அலுமினியத் தாளை விரித்து
வாயைப் பிளந்து படுக்க வைத்தேன்.
எங்களைச் சுருட்டிப் போடுகிற வெயிலை
ஆறு வாரம் அது குடித்தது.
நாங்கள் கறுத்தோம்.
அது வெளுத்தது.

இரிடியத்துக்கு அரை ஆயுள் எழுபத்து நான்கு நாள்.
விசா இரண்டு வருடம்.
வெல்டு ஃபிலிமைக் கம்பெனி ஐந்து வருடம் வைத்திருக்கும்.
தோரியத்துக்கு அரை ஆயுள்
ஆயிரத்து நானூறு கோடி ஆண்டு என்றேன்.
'பாதியே அம்புட்டா?
அப்போ முழு ஆயுசு எவ்ளோலே?'
கேட்டுவிட்டு, தலையணையைக்
கட்டிலின் அந்தக் கோடிக்கு மாற்றிக்கொண்டான்.

முதல் படமும் அவன்தான்.
ரென்யூவல் கடிதம் வராத வாரம்,
குளியலறை வரிசையில், தோளில் துண்டோடு,
மீசையைப் புதிதாக மழித்திருந்தான்.
வேலை வண்டியின் இருட்டறையில்
வெல்டு ஃபிலிம்களுக்கு நடுவே கழுவினேன்.
அந்த டெவலப்பருக்கு இரும்பு மட்டும்தான் பழக்கம்,
கொஞ்சம் முரட்டுத்தனமாகவே கழுவியது.

ஈரம் சொட்ட வியூவரில் மாட்டியதும்
பழக்கதோஷம்,
விரிசல் தேடினேன்.
நெற்றியில் மூன்று, குறுக்காக.
கன்னத்தில் அம்மைத் தழும்பு, கொத்தாகப் போரோசிட்டி.
இடது கண்ணோரம்
ஏதோ ஒன்று முழுதாக ஒட்டவில்லை.
விதிப்படி இது ரிப்பேர்.
வெட்டி எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும்.

சிவப்புப் பென்சிலை எடுத்தேன்.
தேதி போட்டேன்.
ஓரத்தில், என் கையெழுத்தோடு,
அக்செப்ட்.