நீதி என்ற இடத்தில்

லாச்சப்பலில் எங்கள் கடைக்குக் கீழே
ஒரு நிலவறை இருக்கிறது.
அங்கேதான் கோப்பை கழுவுகிறேன்.
மேலே சனம் மசாலாத் தோசை தின்னும்போது
கதிரைக் கால்கள் என் உச்சந்தலையில் உராயும்.
ரயில் போனால்
அடுக்கிய தட்டுகள் மெல்லப் பல்லைக் கடிக்கும்.

கார்த்திகையில் ஒரு வெள்ளி
அருமைத்துரையின் கை எண்ணெய்த் தாச்சிக்குள் போனது.
முதலாளி கேட்ட முதல் கேள்வி:
"வாசலில ஆரும் நிண்டவையோ?"
ஆம்புலன்சுக்கு அடிக்கவில்லை.
பற்பசை பூசி, பொலித்தீன் பையால் சுற்றி,
பின்கதவால் அனுப்பினார்.
"வீட்டில நடந்தது எண்டு சொல்லு."
சொன்னான்.
அவனுடைய பாஸ்போட் அவருடைய அலுமாரியில்.
என்னுடையதும். நிரூபனுடையதும்.
பத்திரத்துக்காம்.

அடுத்த நாள் கொத்தமல்லிக் கட்டை அலசினேன்.
ஒரு நத்தை. ஓடில்லாதது.
விரல் நுனியளவு ஈரம், இரண்டு கொம்பு.
சமையல்காரர் எட்டிப் பார்த்து
ஒரு சிட்டிகை உப்புப் போட்டார்.
அது நுரைத்துச் சுருங்குவதை
குழாயை மூடாமல் பார்த்து நின்றேன்.
தண்ணி வீணாகுது என்று மேலிருந்து சத்தம்.

அன்றிரவே எழுதினேன், பில் தாளின் முதுகில்:
குளிர் நாட்டுக்கு வந்த நத்தைகளிடம்
ஓர் ஆமை சொன்னதாம்,
"ஓட்டோடு திரிந்தால் திருடன் வருவான்,
என்னிடம் தாருங்கள், காத்து வைக்கிறேன்."
தந்தனவாம். அதன்பிறகு
உப்பளத்தில் வேலை.
கரைந்தவற்றை ஆமை கணக்கில் இப்படிப் பதிந்தது:
சொல்லாமல் ஊருக்குப் போனவை.

பயந்துதான் ஆமையைக் கூப்பிட்டேன்.
பெயரை எழுதத் துணிவிருந்தால்
நத்தை எதற்கு?

கடையின் புதுவருடக் கலண்டருக்குப்
பின்பக்கம் நிரப்ப ஏதாவது வேண்டுமென்று
முதலாளியே கேட்டார்.
ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார், சிரித்தார்,
ஆமைக்கு நல்ல மூளை என்றார்.
"ஆனா நீதியைக் காணேல்லையே?
பிள்ளையள் வாசிக்கிறது, கீழ ஒரு நீதி வேணும்."
தானே எழுதினார், அழகான கையெழுத்தில்:
நீதி: பெரியோரை நம்பினோர் கைவிடப்படார்.

ஆயிரத்து இருநூறு பிரதி.
முன்னால் லட்சுமி, தாமரை, கடைத் தொலைபேசி எண்.
பின்னால் என் ஆமை,
வீடு வீடாகச் சுவரில் முகம் புதைத்துத் தொங்கியது.
யாரும் திருப்ப மாட்டார்கள் என்றிருந்தேன்.

தையில் அருமைத்துரையைப் பார்க்கப் போனேன்,
லா கூர்நெவ்வில், ஆறு பேர் படுக்கும் அறை.
லட்சுமி சுவரைப் பார்த்திருந்தாள்.
நீதி இருந்த வரியின்மேல் நீலப் பேனா,
கடதாசி கிழியும்வரை.
பதிலுக்கு வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.
"ஆர் அழிச்சது?" என்றேன்.
மடங்காத விரல்களை நீட்டி
"இந்தக் கையால ஏலுமோ?" என்றான்.
ஆறு பேரும் சிரித்தார்கள்.

சம்பளம் கொடுக்க முதலாளி கீழே இறங்கிய திங்கள்,
கோழி வெட்டிக்கொண்டிருந்த நிரூபன்
கத்தியைக் கழுவி வைத்துவிட்டு
மரியாதையாகத்தான் கேட்டான்:
"அண்ணை, என்ர ஓட்டைத் தாங்கோ."

வழக்கம்போலத் தொடங்கிய சிரிப்பு
பாதிப் படியில் நின்றது.
ஒவ்வொரு முகமாகப் பார்த்துவந்து
என் பக்கம் திரும்பினார்.

எழுதியவன் நான்.
ஏற்கெனவே கழுவிய தட்டொன்றை எடுத்து
மறுபடி கழுவத் தொடங்கினேன்.