இடப்பக்கம் கூட்டாதே

கூத்தாநல்லூர் கொள்முதல் நிலையம்.
தார்ப்பாய்க்கு அடியில், தராசுக்குப் பக்கத்தில்
என் மடியில் கம்பளி.
வெளியே மாசி வெயில்.
விரல் வியர்த்தால் நூல் ஓடாது, ஊசியோடு ஒட்டிக்கொள்ளும்.
கால் மணிக்கொரு தரம் முகப்பவுடரைக் கையில் பூசுகிறேன்.
மூட்டையை இறக்கிவிட்டுப் பக்கிரிசாமி கேட்கிறான்:
"யாருக்குக்கா, இந்தச் சூட்டுல?"
ஜொஹராவுக்கு. எட்மன்டனில் இருக்கிறாள். இருபத்தெட்டு டிகிரி.
"நம்மூரை விடக் கம்மிதான்" என்கிறான்.
சைபருக்குக் கீழேடா.

இந்தப் பின்னலுக்கு பிரியோஷ் என்று பெயர்.
ஒரு கண்ணியைப் பின்னு.
அடுத்ததைப் பின்னாதே,
அதன் தோளில் நூலைப் போர்த்திவிட்டுக் கடந்து போ.
மறு சுற்றில் போர்வையையும் ஆளையும்
சேர்த்தே ஊசியில் எடு.
ஆக, ஒரு வரிசை கண்ணுக்குத் தெரிய
இரண்டு தரம் நடக்க வேண்டும்.
பாதி வேலை கணக்கில் வராது,
எங்கள் சம்பளம் மாதிரி.

படுக்கப்போட்டு அளந்தால் பொய் சொல்லும்.
தொங்கவிட்டால்தான் உண்மை நீளம்.
தார்ப்பாய்க் கம்பியில் மாட்டி
லோடு ஆட்கள் சிரிக்கச் சிரிக்க அளக்கிறேன்.

இடுப்புக்குக் குறைக்கும்போது
ஒற்றைக் கண்ணியைக் குறைக்க முடியாது.
மேட்டோடு அதன் பள்ளமும் போக வேண்டும்.
வரப்பைக் கரைத்துவிட்டு
வாய்க்காலை மட்டும் எங்கே நிறுத்துவது?
கூட்டினாலும் அப்படித்தான்,
ஒன்றுக்குள்ளிருந்து மூன்று.
மார்புக்காக இரு பக்கமும் நாலு முறை கூட்டி
ஒரு சாண் ஏறியிருந்தேன்.

என்னிடம் இருந்தது பழைய அளவு.
நர்சிங் விடுதியில் ஒரே பிளவுசை
நானும் அவளும் மாற்றிப் போட்ட அளவு.
அவள் படித்து முடித்தாள். நான் பாதியில் விட்டேன்.
அந்த அளவோடு இருபது வருஷத்தைக் கூட்டியிருந்தேன்,
உத்தேசமாக.

நேற்று ராத்திரி குரல் பதிவு வந்தது.
பின்னால் பனி வழிக்கும் வண்டிச் சத்தம்.
"ஏ வேம்பு, அளவு மாறிடுச்சுடி.
இடது பக்கம் எடுத்துட்டாங்க. அக்டோபர்லயே.
சொல்லலைன்னு கோச்சுக்காத.
உள்ள வைக்கிற பஞ்சு உருண்டை வேணாம்னுட்டேன்.
சட்டையெல்லாம் அங்க காத்தடைச்சு நிக்குது.
நீ பின்றதாவது எனக்குப் பின்னு.
இடப்பக்கம் கூட்டாதே."
கடைசியில் அவள் சிரித்தாளா,
வண்டிதான் திரும்பியதா, பிடிபடவில்லை.
நாற்பத்தோரு விநாடி.

காலையில் சித்தமல்லிக்காரர் நெல்லை
ஈரமானியில் போட்டேன்.
பதினேழு புள்ளி நாலு.
பதினேழு என்று எழுதினேன்.
அவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மதியம் பிரித்தேன்.
பிரியோஷைப் பிரித்தால்
போர்த்திய நூல் எது, ஆள் எது என்று
எல்லாம் குழம்பிப்போகும்.
நல்லவேளை, இடுப்பு முடிந்த வரிசையில்
சாக்கு தைக்கும் நூலைக்
கண்ணி கண்ணியாகக் கோத்து வைத்திருந்தேன்.
உயிர்நூல் என்று நானே வைத்த பேர்.
அதுவரைக்கும் சரிந்தது, அங்கே நின்றது.
மூன்று நாள் வேலை
சுருள் சுருளாய் மடியில், இன்னும் கண்ணிகளின் வளைவோடு.

"தப்பாயிடுச்சாக்கா?"
"இல்ல. அளவு மாறிடுச்சு."

இப்போது வலப்பக்கம் மட்டும் கூட்டுகிறேன்.
இடப்பக்கம் நேரே ஏறுகிறது,
மேடு பள்ளம் மேடு பள்ளம், அக்குள் வரைக்கும்.
நடுவிலிருக்கும் பட்டைகள் சாயத் தொடங்கின,
ஒரே பக்கமாய்க் காற்று அடித்த வயல் மாதிரி.
நிமிர்த்த வழி இருக்கிறது. நிமிர்த்தவில்லை.

சாயங்காலம் லாரி வந்துவிட்டது.
ஊசிமுனைகளுக்கு ரப்பர் மாட்டிப் பையில் வைத்தேன்.
முந்தின ராத்திரியிலிருந்து பதில் போடாத திரையில்
என்னென்னவோ அடித்து அடித்து அழித்துவிட்டுக்
கடைசியில் இதை மட்டும் அனுப்பினேன்:

இடது கை வீங்கியிருக்கா?
ரெண்டு கையையும் தனித்தனியா அளந்து அனுப்பு.
முழங்கைக்கு மேலேயும் கீழேயும்.
காலையில ஒரு தரம், ராத்திரி ஒரு தரம்.