சாம்பலுக்கு வைக்கோல்

மலையை எங்களுக்கு முதுகால்தான் தெரியும்.
கடல் வற்றும் நேரம் பார்த்துக்
கழிமுகத்தில் குனிந்து மட்டி வாருகிறவள்
எதை நிமிர்ந்து பார்ப்பாள்?
காலை வெயில் தாமதமாக வந்து
முதுகைத் தொடும்போது
நடுவில் ஒன்று நிற்கிறது என்று தெரியும்.
அவ்வளவுதான்.

செப்டம்பரில் அது எரிந்தது.
மூன்று இரவு.
தைலமரங்கள் தங்கள் எண்ணெயைத் தாங்களே ஊற்றிக்கொண்டு எரிந்தன.
கலீசியாவின் இந்த மூலையில்
உலர்த்திய போர்வைகளை உதறினால் கறுப்பு.
"சாம்பல் உரம்தானே" என்றாள் ஒபுதூலியா,
"என் உருளைக்கிழங்குக்கு அதைத்தானே போடுகிறேன்."

நீர் அளக்க வந்த இரியா
பாட்டில்களை எங்கள் சங்கத்து மேசையில் வைத்தாள்.
எரிந்த மண் மெழுகு பூசிக்கொள்ளுமாம்,
மழையை உள்ளே விடாதாம்.
தாமரை இலை பார்த்திராத எங்களுக்கு
ஒரு முட்டைக்கோஸ் இலையைக் கவிழ்த்துப் பிடித்து
தண்ணீர் ஊற்றிக் காட்டினாள்.
உருண்டு ஓடி ஒபுதூலியாவின் மடியில் விழுந்தது.
யாரும் சிரிக்கவில்லை.

மலை எங்களுக்குத் துளித்துளியாகச்
சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.
இலை மக்கி, வேர் வடிகட்டி,
ஓடை சுமந்து,
மட்டியின் வாய்க்கு ஒரு பருக்கை.
கோடையில் வடகாற்று அடித்தால்
கடலும் தன் அடிவயிற்றுக் குளிர்நீரை மேலே தூக்கிக் கொடுக்கும்.
இரண்டு வீட்டுச் சாப்பாடு எங்கள் மட்டிக்கு.
இனி ஒரு வீடு
ஒரு வருடச் சமையலை
ஒரே இரவில் தலையில் கொட்டப் போகிறது.

ஆகவே மலை ஏறினோம்.
ரப்பர் பூட்ஸ் போட்ட முப்பத்தொரு பெண்கள்.
சேற்றில் நாள் முழுக்க நிற்கும் கால்களுக்கு
மேடு பிடிபடவில்லை.
லாரி இறக்கிய கோதுமை வைக்கோலைப் பிரித்து
சரிவெங்கும் பரப்பினோம்,
காய்ச்சல்காரனுக்குப் போர்த்துவது போல
முகத்தையும் சேர்த்து.

அந்த மரங்களை நட்டவன் அமாரோ.
ஊற்று வற்றியதற்குப் பின் பதினோரு வருடம்
எங்களில் ஒருத்தியும் அவனோடு பேசியதில்லை.
அன்றும் பேசவில்லை.
கவைக்கோலை நீட்டினான்.
வாங்கிக்கொண்டோம்.
மாலையில் பார்த்தால் அவனுடைய புருவத்திலும் வைக்கோல்.

பாதிச் சரிவுதான் முடிந்தது.
வியாழன் என்று சொன்ன மழை
செவ்வாய் இரவே வந்துவிட்டது.
படுக்கையில் கிடந்து கூரையில் அதைக் கேட்டேன்.
நாங்கள் மூடிய பக்கம் எது, மூடாத பக்கம் எது என்று
அதற்கு யார் சொல்வது?

விடிந்ததும் பாலத்தில் நின்றோம்.
இடது ஓடை தேநீர்.
வலது ஓடை மை.
நூறு அடி தள்ளி இரண்டும் சேரும்.
சேர்ந்த பிறகு எங்கள் வைக்கோல் எந்தப் பக்கம்?

இரியாவின் கருவியில் உப்பு முப்பத்துமூன்றிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியது.
உப்பு குறைந்தால் மட்டி வாயை மூடும்.
சில நாள் மூச்சடக்கும்.
அதற்கு மேல் அதனாலும் முடியாது.
பத்தாம் நாள் வாரியதில்
பாதி வாளி திறந்தே கிடந்தது, சத்தமில்லாமல்.
மீதிப் பாதி இறுக மூடியிருந்தது.
மூடியிருந்ததை எண்ணத்தான் எங்களுக்குத் துணிச்சல் இருந்தது.

நவம்பரில் மறுபடி ஏறினோம்.
இம்முறை யாரும் கூப்பிடவில்லை.

மார்ச்சில் ஒரு காலை,
நீர் வற்றி, வாரியைச் சேற்றில் இழுக்கிறேன்:
பல்லிடுக்கில் ஒற்றை வைக்கோல்,
கறுத்து, ஊறி, பாதி மண்ணாகி.
பக்கத்தில் என் சுண்டுவிரல் நகமளவு மட்டி.
அளவுவளையத்தில் வைத்தேன், நழுவி விழுந்தது.
சின்னது. எடுக்கக் கூடாது.

இருந்த இடத்தில் புதைத்துவிட்டு
நிமிர்ந்தேன்.
திரும்பிப் பார்த்தேன்.