சுமார்

பாத்ரூம் கதவு அறுபத்தொன்று.
லிஃப்ட் எழுபத்துநாலு.
ஆபீஸின் பின்வாசல், ஜெனரேட்டரை ஒட்டி, தொண்ணூறு.
அல்சூர் மெட்ரோவில் அகலமான கேட் ஒன்று உண்டு,
அதைத் திறக்கிறவர் டீ குடிக்கப் போகாத நேரம் பார்த்துப் போகணும்.
பெங்களூரை நான்
சென்டிமீட்டரில் தெரிந்துவைத்திருக்கிறேன்.

பழைய சக்கர நாற்காலி ஒன்பது வருஷம் உழைத்தது.
வலது பிரேக் போனபின்
ஒரு செங்கல் அந்த வேலையைப் பார்த்தது.
புதியதற்கு மூன்று ராத்திரி போனில் தேடினேன்.
ஒன்றில் போட்டிருந்தது, மொத்த அகலம் 58 செ.மீ.
படத்தில் நரைத்த வெள்ளைக்காரர் ஒருவர்
பூங்காவில் அதில் உட்கார்ந்து சிரித்தார்.
அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு போனால் மூன்று.
பக்கத்துக்கு ஒன்றரை.
விரல்முட்டி தோலுரியாமல் போய்வரலாம்.
பதினாலாயிரத்து எழுநூறு. கட்டினேன்.

"சைன் மாடி, மேடம்" என்றான் கொண்டுவந்த பையன்.
மாடினேன்.
உட்கார்ந்ததுமே இடுப்புக்குத் தெரிந்துவிட்டது.
தெபோரா டேப்பைப் பிடித்தாள். அறுபத்தாறு.
மறுபடி பிடி என்றேன்.
அறுபத்தாறுதான்க்கா.
பழையதை அன்று காலைதான்
இரும்புக் கடைக்காரர் எடுத்துப்போயிருந்தார்.
(மறுநாள் நூறு ரூபாய் அதிகம் கொடுத்து
தங்கை மீட்டுவந்தாள்.)
அந்த இரவு
நாற்காலி பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டது.
நான் தரையில் இறங்கி, கைகளை ஊன்றி
உள்ளே போனேன்.
மனுவின் ஏழாவது பத்தியில்
இதற்கு மன உளைச்சல் என்று பெயர்.

திருப்பி அனுப்பக் காரணம் கேட்டது ஆப்.
மனம் மாறிவிட்டது.
நிறம் பிடிக்கவில்லை.
அளவு சரியில்லை.
அதைத் தொட்டேன்.
"அடுத்த முறை ஒரு சைஸ் சிறியதாக எடுத்துப் பாருங்கள்!"
கூடவே பூப்போட்ட சுடிதார் ஒன்றின் படம்.

ரித்விக் என்று பெயர் சொன்ன குரல்
பொறுமையாகத்தான் பேசியது.
"மேடம், அது சுமாரான அளவு.
பக்கத்தின் கடைசியில் போட்டிருக்கோமே."
போட்டுத்தான் இருந்தார்கள், எறும்புத்தலை எழுத்தில்.
"கதவைக் கொஞ்சம் அகலப்படுத்த முடியாதா?"
வீட்டுக்காரர் முனிரெட்டியின் தூணையும்
என் பதினோரு மாத ஒப்பந்தத்தையும்
விளக்கத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

சாம்பார் சுமாராக இருக்கலாம்.
சினிமா சுமாராக இருக்கலாம்.
எம்.காம். நானே சுமாராகத்தான் பாஸ் செய்தேன்.
சுவர் சுமாராக இருக்காது.

நாற்பது நாள் ஹெல்ப்லைனில் ஒரு புகார் எண்ணாக இருந்தேன்.
பிறகு நுகர்வோர் ஆணையம்.
இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை,
வக்கீலும் கட்டாயமில்லை என்றார்கள்.
58 என்று காட்டிய பக்கத்தைத் தேதியோடு படமெடுத்திருந்தேன்.
டேப் வைத்த கதவு, டேப் வைத்த சக்கரம்,
இரண்டு படத்திலும் தெபோராவின் கட்டைவிரல்.

அவர்கள் வக்கீல் எழுந்தார்.
நாங்கள் வெறும் சந்தை, விற்றவர் வேறு.
விற்றவருக்குப் போன நோட்டீஸ்
ஆளில்லை என்று திரும்பியிருந்தது.
"தவிர, எட்டே சென்டிமீட்டர், மேடம்."
அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
பிடித்துக் காட்டினார்.
அவர் கையில் அது சின்னதாகத்தான் தெரிந்தது.

உறுப்பினர் என்னைப் பார்த்தார்.
"புதிய நாற்காலியில் ஏன் வரவில்லை, ஜெசிந்தா?"
"வரலாம் மேடம். இந்த அறைக் கதவு நூற்றிப்பத்து.
கீழே டாய்லெட் ஐம்பத்தொன்பது.
இதிலேயே உரசும் என்று
காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை."
தட்டச்சு செய்கிறவர் நிமிர்ந்தார்.
இதைப் பதிவதா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லை.
விசிறி சுற்றியது.

பதினோரு மாதம் கழித்து உத்தரவு.
முழுப் பணம், வட்டி,
ஏழாவது பத்திக்கு ஐயாயிரம்,
பக்கத்தைத் திருத்த முப்பது நாள்.
முப்பத்தோராம் நாள் இரவு திறந்து பார்த்தேன்.
அதே பூங்கா. அதே சிரிப்பு.
மொத்த அகலம் 66.
கீழே, எறும்புத்தலை எழுத்தில்,
சுமார்
அப்படியே இருந்தது.

பெரிய நாற்காலியை எடுத்துப்போக யாரும் வரவில்லை.
தெபோரா அதில் துணி காயப்போடுகிறாள்.
சிவாஜி நகரில் ஒரு கடைக்குப் போனோம்.
பையிலிருந்து டேப்பை எடுத்ததும்
கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.
சக்கரத்திலிருந்து சக்கரம் வரை
நானே குனிந்து பிடித்தேன்.
ஐம்பத்தேழரை.