மூன்றாவது இழுப்பறை

நான்கு நாளாய் வல்திவியாவில் மழை ஓயவில்லை.
மீன் சந்தைப் படித்துறையில் கடற்சிங்கங்கள்
வெட்டிப்போடும் தலைக்கும் குடலுக்கும் அதட்டுவது
ஐந்தாம் மாடிக் கூட்ட அறைவரை கேட்கிறது.

மேசையைச் சுற்றி ஒன்பது நாற்காலி.
பத்தாவதைச் சுவரோரம் போட்டிருக்கிறார்கள்,
செவிலி யோசெலின் கத்ரிலேயோவுக்கு.
மடியில் ஈரக் குடை. அதை
எங்கே வைப்பதென்று யாரும் சொல்லவில்லை.

இயக்குநர் ஷ்விட்டர் கோப்பைத் திறக்காமலே கேட்டார்:
"யார்?"

ஒரே சொல். ஓட்டைக் காலணிக்குள் தண்ணீர்போல
சத்தமில்லாமல் ஏறியது.

யாரென்று எல்லோருக்கும் தெரியும்.
தவறியவர் அபெலினோ நவர்ரெத்தே, அறுபத்தேழு வயது,
கொர்ரால் படகில் டிக்கெட் கிழித்தவர்.
பின்னிரவு மூன்று பன்னிரண்டு.
குழாயைக் கழுவ உப்புநீர் ஏற வேண்டிய ஊசியில்
பொட்டாசியம் ஏறிற்று.
ஏற்றியது யோசெலினின் கை.
இவ்வளவுதான் என்றால் நான் எதற்கு?

என் வேலை, நடந்ததன் வழியே பின்னோக்கி நடப்பது.
மூன்று பத்துக்கு:
மருந்தலமாரிமேல் கண்சிமிட்டும் குழல்விளக்கு.
மூன்று மணிக்கு: இருபத்தாறு படுக்கை, இரண்டு செவிலியர்,
அதில் ஒருத்தி தள்ளுவண்டியோடு ஸ்கேனுக்குப் போயிருந்தாள்.
போன வருட மார்ச்சுக்கு: ஆம்பூலுக்குப் பதினெட்டு பெசோ மிச்சமென்று
வேறு கம்பெனிக்கு மாறினோம்.
இரண்டு மருந்துக்கும் ஒரே நீல எழுத்து, ஒரே கழுத்து,
ஒரே இழுப்பறை, மேலிருந்து மூன்றாவது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
இங்கே எய்தவனையும் காணோம்.
வில் மட்டும் சுவரில் தொங்குகிறது; ஆளுக்கொரு நாள்
போகிறபோக்கில் நாணை ஒரு சுற்று
முறுக்கிவிட்டுப் போயிருக்கிறோம்.

இப்படி எழுதிவைத்த பெருமையோடுதான்
நேற்று நிலவறைக்குப் பழைய சீட்டுகளைத் தேடிப் போனேன்.

சம்பவ அறிக்கைகள், ஒரு வாழைப்பழப் பெட்டியில்.
பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.
போன வருடம், ஏப்ரல். பச்சை மை:
'உப்புநீரும் பொட்டாசியமும் ஒரே இழுப்பறையில்.
பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன.
ஒருநாள் மாறிவிடும். யோ. கத்ரிலேயோ.'
கீழே முத்திரை: பெறப்பட்டது.
முத்திரைமேல் கையெழுத்து: மி. ஒயார்சுன்.

அது நான்.

அந்த ஏப்ரலை ஞாபகப்படுத்திப் பார்த்தேன்.
'சம்பவமே இல்லாத மாதம்' என்று
எங்கள் மாடிக்குச் சான்றிதழ் தந்தார்கள்.
ராஸ்பெர்ரி கேக் வெட்டினோம். எனக்கு ஓரத்துண்டு.
பூஜ்யத்தைக் கலைக்க யாருக்கு மனம் வரும்?
சான்றிதழ் சட்டமிட்டு இதோ,
ஷ்விட்டரின் தலைக்குப் பின்னால்.

சீட்டை மேசைமேல் வைத்தேன்.
மருந்தகத்து ரெனாதோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
"இது குறிப்பேட்டில் வர வேண்டாமே" என்றது ஒரு குரல்,
அன்பாகத்தான். என்மேல் அக்கறையாகத்தான்.
இந்த வீட்டில் வாயடைப்பது எப்போதும்
முதுகைத் தடவித்தான்.

யோசெலின் சீட்டை எட்டிப் பார்க்கவில்லை.
எழுதியதே மறந்துபோச்சு என்றாள்.
"எழுதி என்ன ஆகப்போகிறது என்று
அப்புறம் எழுதுவதில்லை."
குடையடியிலிருந்து ஒரு சிறு குளம்
மேசைக்காலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

கூட்டம் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

மாலை வார்டுக்குப் போனேன்.
குழல்விளக்கு இன்னும் சிமிட்டுகிறது.
மூன்றாவது இழுப்பறையில் இரண்டும் அப்படியே,
இரட்டைப் பிள்ளைகள்போல அருகருகே தூங்குகின்றன.
பொட்டாசியத்தை ஒவ்வொன்றாய் எடுத்து
ஒரு தட்டில் அடுக்கினேன்.
பணிக்கு வந்த புதுப்பெண் வாசலில் நின்று கேட்டாள்:
"யார் சொல்லி எடுக்கிறீர்கள்?"

யோசெலின் சொல்லி, என்றேன்.
சொல்லிப் பதினான்கு மாதமாகிறது.