பாசமிகு தந்தையும்

கல்லடியில், பாமசிக்கு மேல்மாடியில்
எங்கள் அலுவலகம்:
இரண்டு கணினி, ஒரு கேத்தில்,
கரண்ட் போனால் பதினெட்டு நிமிடம் தாங்கும் பெற்றி.
செத்தவர்களின் விபரம் வட்ஸ்அப்பில் வரும்.

அச்சடித்த காலத்தில்
ஆறு மணிக்குப் பிறகு வருகிறவர்
அடுத்த நாள்தான் செத்தவர் என்பாராம் முதலாளி.
இப்போது லிங்கை அனுப்பிவிட்டுப் படுத்துவிடுகிறார்.
"குடும்பம் தாங்களே திருத்தட்டும் புள்ள,
நீ பார்த்துக்கொண்டிரு."

பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் உத்தியோகம்.

சீனித்தம்பி நல்லரெத்தினம், வயது எழுபத்தொன்பது,
இளைப்பாறிய நீர்ப்பாசன மேற்பார்வையாளர்.
ஒரே தாளில் நான்கு கர்சர்கள்
நான்கு நிறத்தில் விழித்திருக்கின்றன.
பச்சை, லண்டன் மகள்.
ஊதா, கனடா மகன்; அங்கே இன்னும் பின்னேரம்.
செம்மஞ்சள் மருமகன்,
தன் பெயருக்குப் பின்னால் பட்டம் விடுபட்டதென்று வந்தவர்,
போட்டதும் போய்விட்டார்.
நீலம் நான், ஒற்றுப் பிழைக்கு.

பன்னிரண்டு நாற்பதுக்கு
'ஆகியோரின் பாசமிகு தந்தையும்' என்பதற்கு முன்னால்
ஊதா ஒரு பெயரை எழுதியது:
கோகிலராணி (வாகரை).

பச்சை நின்றது.
பிறகு பின்பக்கமாக நடந்து
முதலில் வாகரையை,
அடுத்து ராணியை,
கடைசியில் கோகிலத்தைத் தின்றது.
ஊதா திரும்ப எழுதியது.
பச்சை திரும்பத் தின்றது.
இன்னுமொரு தடவை.

ஓரத்தில் குறிப்புப் பெட்டி திறந்தது.
'அம்மா பார்ப்பா அண்ணா'
'அம்மா எப்பவோ பார்த்திட்டா'

அதன்பின் இரண்டு நிறமும் அசையவில்லை.
போன் எடுத்திருப்பார்கள்.
பெயர் போயிருந்தது. அதற்கு முன்னால் போட்ட கொமா
போக மறந்து நின்றது.

கொமாவை அழிப்பது என் வேலை.
விரலை வைத்தேன்.
அப்போது நுழைந்தது ஐந்தாவது.

கணக்கில்லாமல் லிங்கால் வருகிறவர்களுக்கு
மென்பொருள் தானாக ஒரு விலங்கின் பெயரை வைக்கும்.
பெயரறியா நீர்நாய் என்று காட்டியது.
யார் கொடுத்த லிங்க்? நான் கேட்கவில்லை.

நீர்நாய் மெல்ல இறங்கியது,
படத்தைத் தாண்டி, வயதைத் தாண்டி,
காலஞ்சென்றவர்களின் நீண்ட வரிசையைத் தாண்டி
அந்தக் கொமாவுக்குப் பக்கத்தில் வந்து
மினுங்கிக்கொண்டு நின்றது.
எழுத அனுமதி இருந்தது.
எழுதவில்லை.

வாகரையில் எங்கள் ஆட்களோடு பேசியிருக்கிறேன்,
வீட்டுக்குள் சிக்னல் ஏறாது,
கடற்கரைக்கு வர வேண்டும்.
ஒரு மணி கடந்துவிட்டது.
மணலில் யாரோ நின்று
தகப்பனை வாசிக்கிறார்.

இந்தத் தாளில் அழித்தது எதுவும் அழிவதில்லை.
பழைய பதிப்புகளைத் திறந்து கூட்டிப் பார்த்தேன்:
அந்த இரவு அவள் மூன்று தடவை
மகளாக இருந்திருக்கிறாள்,
மொத்தம் ஆறு நிமிடம்.

ஐந்து மணிக்கு நேரலை லிங்கையும் சேர்த்து
ஆறுக்கு ஏற்றினேன்.
எட்டுக்குள் நாலாயிரம் பேர் பார்த்து
முந்நூறு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

முதலாளி எடுத்தார்.
"புள்ள, லண்டனுக்குப் பிறகு ஒரு கொமா
சும்மா நிக்குது, கண்டநீயா?"
கண்டேன் சேர்.
"மறுகா எடுத்துவிடு."
சரி சேர்.

இன்னும் எடுக்கவில்லை.
கீழே வழக்கமான வரிதான்:
இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள்
அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.
தகவல்: குடும்பத்தினர்.