தேடுசொல்

பாடாங் செராய் நூலகத்தில் இரண்டு கணினிகள்.
ஒன்றில் இடைவெளிக் கட்டை வேலை செய்யாது.
எனக்கு வாய்த்தது அதுதான்.

ஒத்தப்பாலத்தோட்டம் என்று தட்டினேன், சேர்த்தே.
பதிவு எதுவும் இல்லை.
நாலு தலைமுறை பெரட்டுக்கு நின்று
பால்மரம் சீவி
செத்தும் போன இடம்.
பதிவு எதுவும் இல்லை.

"அது நாம வச்ச பேரு லா," என்றான் யுகேந்திரன்,
நல்ல கணினிக்காரன்.
லாடாங் சுங்கை கெருயிங்: மூன்று பதிவு.
வெக்ஸ்லி எஸ்டேட்: இருபத்தாறு.
அதே ஆறு, அதே பாலம்.
கூப்பிடுகிற பெயரைப் பார்த்துத்தான்
அலமாரிக்கு ஞாபகம் வருகிறது.

பால்மரம் 633இல், விவசாயம்.
சீவியவர்கள் 331இல், தொழிலாளர்.
நடுவில்
இலக்கணம், நட்சத்திரங்கள், சர்க்கரை நோய்.

என் கட்டுரையின் மூன்றாம் பத்தி சொல்கிறது:
1951இல் தோட்டத்துக்கு மின்சாரம் வந்தது.
பள்ளி வெள்ளிவிழா மலரில் இருக்கிறது.
அதைப் பார்த்து எழுதிய சங்க மலரில் இருக்கிறது.
அதைப் பார்த்து எழுதிய கோயில் மலரிலும்.
மூன்று சாட்சி என்று நம்பியிருந்தேன்.
ஒரே ஆள், மூன்று சட்டை.

புவான் ரொஹாயா என் ஐசியை வாங்கி வைத்துக்கொண்டு
பூட்டிய அலமாரியிலிருந்து
கம்பெனி அறிக்கைகளைத் தூக்கி வந்தார்.
ஐந்து மணிக்கு மூடிவிடுவார். நாளை வெள்ளி.

முன்பக்கத்தை விட்டுவிட்டுக்
கடைசிப் பக்கச் சொல்லடைவைத் திறந்தேன்.
தமிழர், இல்லை.
தொழிலாளர், இல்லை.
குடியிருப்பு: மேனேஜருக்கு மட்டும்.

விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
பிறகு 'சி' எழுத்துக்குப் போனேன்.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால்
வாயில் அடி விழும்.

கூலி லைன்ஸ்.
இருந்தது. நாற்பத்தொரு பக்கம்.

1951. பங்களா, ஆலை, ஆபீஸ்: விளக்கு பொருத்தப்பட்டது.
லைன்ஸ்: ஒத்திவைக்கப்படுகிறது.
1952. ஒத்திவைக்கப்படுகிறது.
1953. பூச்சி அரித்த பக்கம்.
(தெரியவில்லை என்றே குறித்துக்கொண்டேன்.)
1954. குதிரை லாயத்துக்கு ஒரு விளக்கு.
அப்புறம் ஒத்திவைப்பு, ஒத்திவைப்பு,
ரப்பர் விலை இறங்கியதால் ஒத்திவைப்பு.
1959. வீட்டுக்கு ஒரு பல்பு, ஆறு முதல் பத்து வரை.

"அப்ப மலர்ல பொய்யா போட்டாங்க?"
தோட்டத்துக்கு வந்தது, சரிதான் என்றேன்.
யாருடைய தோட்டம்?
அவன் பதில் சொல்லாமல்
நகல் எடுக்க இருபது காசு தேடினான்.

பக்க எண் எழுதாத குறிப்புகள்
என் நோட்டில் பதினொன்று.
எங்கே பார்த்தேனோ, இனி அவை எனக்கும் உதவாது.
இதை மட்டுமாவது ஒழுங்காக:

7. வெக்ஸ்லி எஸ்டேட், ஆண்டறிக்கை, 1959,
ப. 112, கீழிருந்து மூன்றாம் வரி.
தேடி வருகிறவர்கள் 'சி' எழுத்தில் பார்க்கவும்.